மாவட்டம் திரும்பி வந்த மாதம்

என் தங்கை மகளின் மனுவை நான் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கிட்டத்தட்ட ஆறு வருடம் அந்தக் குடும்பம் அதை நம்பியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்து வைத்துச் சொல்ல இது கதையில்லை.

நண்பர்களே, சாயங்காலம் ரயிலடி பெஞ்சில் கூடும் நாம் ஏழு பேரும் ஆளுக்கொரு பிள்ளைப்பருவ நினைவை எழுதுவது என்று பேசிக்கொண்டோம். நீங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான் மட்டும் மூன்று மாதமாகக் கண் வலி, கை நடுக்கம் என்று ஏதேதோ சொல்லி வந்தேன். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. என் பிள்ளைப்பருவம் எனக்கு மங்கிவிட்டது. மங்காமல் இருப்பது இன்னொரு பிள்ளையின் பருவம், ஒரு தை மாதத்திலிருந்து ஒரு ஆனி வரைக்கும். எழுதினால் அதைத்தான் எழுத முடியும்.

அப்போது நான் அரியலூரில் வக்கீல். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். என் தங்கையை டவுனிலிருந்து எட்டு மைல் தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. குளித்துவிட்டு வந்தாலும் அவர் காது மடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளை ஒட்டியிருக்கும். அவர்களுக்கு ஒரே பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளை, இங்கிலீஷில் படிக்கட்டும் என்று ஆறாம் வகுப்பில் டவுனுக்கு வெளியே இருந்த தனியார் பள்ளிக்கு மாற்றியது நான். என் மகளும் அங்கேதான் ஒரு வகுப்பு மேலே படித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வேன்.

சேர்த்த அன்று பள்ளி வாசலிலேயே இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். "ஸ்கூல்ல சொந்தம்னு யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம். அவங்கவங்க படிப்ப அவங்கவங்க பாத்துக்கங்க." ஒருத்தியை ஒருத்தி சார்ந்து நிற்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பள்ளியின் ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்காருகிற வக்கீலுக்கு, சுரங்கத்துக் கூலியின் மகள் சொந்தம் என்பது தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை டவுனுக்கு வந்தால் அந்தப் பெண்ணும் வருவாள். பாவாடையின் இடுப்புச் சுருக்கில் ஒரு கல் இருக்கும். நம் பக்கத்துக் கல் உங்களுக்குத் தெரியும். சிப்பி பதிந்தது, நத்தை மாதிரி சுருண்டது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "மாமா, கடல் கல்லு" என்று மேஜையில் வைப்பாள். உள்ளங்கை அளவு ஒரு சுருள் நத்தைக் கல் இருந்தது. அதை நான் கேஸ் கட்டுகளின் மேல் காற்றுக்குப் பறக்காமல் வைத்துக்கொண்டேன். முகர்ந்தால் மழை நனைத்த சுவரின் வாசனை வரும்.

ஏழாம் வகுப்பின் நடுவில் அவள் கல் கொண்டுவருவது நின்றது. வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். பேசாமல் நின்றாள். "கேட்டா பதில் சொல்லணும். காது கேக்கலியா?" என்று அதட்டினேன். "கேக்குது மாமா" என்று சொல்லிவிட்டு மேஜையைச் சுற்றி வந்து என் மறுபக்கத்தில் நின்றுகொண்டு கடகடவென்று எல்லாம் சொன்னாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டேனென்கிறாளே என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாக வந்தார்கள். தங்கை உட்காரவில்லை.

"அண்ணே, தலகாணியில சீழ் பட்டிருந்துச்சு. அதப் பாத்துத்தான் எனக்கே தெரியும். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். எடது காது ஜவ்வு கிழிஞ்சிருக்காம். பத்து நாளா வாயத் தொறக்கல அண்ணே இவ."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். தெரிந்த நபர்கள் பள்ளி வேனில் டஸ்டரால் அடித்ததாகச் சொல்கிறாள் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். நல்ல ஆதாரம் என்றுதான் தோன்றியது.

"ஸ்கூலுக்குப் போனீங்களா மாப்ள?"

"போனேன் மச்சான். கேட்டுலயே அர நாளு நின்னேன். அப்புறம் ஒரு டீச்சரு வந்து, புள்ளைங்க வெளையாட்டுங்க, பெருசு பண்ணாதீங்கன்னுட்டாங்க. நானும் வணக்கம் வச்சிட்டு வந்துட்டேன்."

"வாய்ல சொன்னா அப்படித்தான் அனுப்புவாங்க" என்று ஆரம்பித்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்சிக்காரர்களுக்குச் சொல்வதுபோல அவர்களுக்குச் சொன்னேன். முதலில் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் கல்வி அதிகாரி. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள், அங்கே கொடுத்தால் நம்பர் போட்டுக் கேள்வி கேட்பார்கள். காயம் இருப்பதால் போலீசுக்கும் போகலாம், ரசீது இல்லாமல் திரும்பக் கூடாது. அடித்தவர்களும் பிள்ளைகள் என்பதால் அவர்களை விசாரிக்க வேறு முறை இருக்கிறது, பெரியவர்களைப்போல் உள்ளே தள்ள மாட்டார்கள். வேனில் நடந்ததற்குப் பள்ளியும் பொறுப்பு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குக் கோர்ட்டிலேயே இலவச உதவி உண்டு. இத்தனை வழியும் அந்த முன்னறையில் உட்கார்ந்தபடி எனக்கு வரிசையாகத் தெரிந்தது. எல்லாம் உண்மையான வழிகள்தான்.

மாப்பிள்ளை கடைசி வரை கேட்டார். "மச்சான், யாரையும் ஒண்ணும் பண்ண வேணாம். எம் பொண்ணு அந்த வேன்ல உக்காந்து போவணும். மொத ஸ்டாப்புல ஏறுறவ அவதான? சீட்டு அவளுதுதான?"

"சீட்டுக்கு மனுவா? காயம் இருக்கு பாருங்க மாப்ள, அதான் நம்ம பிடி" என்று சிரித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார், மரியாதைக்கு.

நடந்ததை அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு முழுநீளத் தாளை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை எழுதினாள். அந்தத் தாள் எனக்கு மனப்பாடம்.

"நான்தான் முதலில் ஏறுவேன். ஜன்னல் ஓரம் உட்காருவேன். டவுனில் அவர்கள் ஏறியதும் எழுந்துவிட வேண்டும். சுண்ணாம்பு ஒட்டிக்கும் என்று சீட்டைத் துடைப்பார்கள். என் பெயர் சுண்ணாம்பு. என் பையில் கல் போடுவார்கள். பை கனமாக இருக்கும். நான் கொட்ட மாட்டேன். சில கல் நல்ல கல். அன்றைக்குக் கால் வலித்ததால் எழுந்திருக்கவில்லை. ஒருவர் என் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். ஒருவர் டஸ்டரால் அடித்தார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள்."

கீழே நான்கு பெயர்கள். அடித்தவன் பெயர், எண்ணிய மூன்று பேர் பெயர்.

"கையப் புடிச்சது யாரு பாப்பா? பேரு காணுமே."

அவள் மேஜைமேல் இருந்த நத்தைக் கல்லைப் பார்த்தாள். "பின்னாடி நின்னாங்க மாமா. பாக்கல."

பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிற சாட்சி கிடைப்பது அரிது என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். மனுவில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

அவர்கள் பஸ் ஏறப் போனதும் என் மகள் வந்து வாசல்படியில் நின்றாள். எட்டாம் வகுப்புப் பெண். ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அப்பா, எம் பேரு எழுதியிருக்காளா?"

மேஜையிலிருந்த தாளில் அந்த நான்கு பெயர்களை மறுபடி பார்த்தேன்.

"நான் அடிக்கலப்பா. கையத்தான் புடிச்சேன். அவன் புடின்னு சொன்னான். புடிக்கலன்னா என்னையும் சுண்ணாம்புக்குச் சொந்தக்காரின்னு சொல்லுவாங்க." பிறகு குரல் உடைந்து, "நீங்கதான சொந்தம்னு சொல்லிக்க வேணாம்னீங்க" என்றாள்.

தங்கை மகளும் என் சொல்லைத்தான் காப்பாற்றியிருந்தாள். சொந்தம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். என்னிடமே சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மனுவைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். விசாரணை என்று வந்தால் வேனில் இருந்த எல்லாரையும் கேட்பார்கள், அடித்தவனே கை பிடித்தவள் பெயரைச் சொல்வான் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். என் மகள் பெயர் பள்ளியில் ஒரு தாளில் ஏறும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நான் நிற்கவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போனேன். சாயங்காலம் மனுவை இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்தேன்.

என் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். அவளை மட்டும். தங்கை மகள் அந்த வேனிலேயே போய் வந்தாள்.

மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நிற்பார்.

"மனு குடுத்தாச்சுங்களா மச்சான்?"

"குடுத்தாச்சு மாப்ள. வெசாரணைக்குக் கூப்புடுவாங்க."

"இன்னும் நின்னுக்கிட்டேதான் போவுது. பரவால்ல, மெதுவா வரட்டும்."

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அரியலூர் தனி மாவட்டமாகி ஒன்றேகால் வருடம்கூட முழுதாக ஆகவில்லை. இரண்டாயிரத்து இரண்டு மார்ச் கடைசியில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து கொதித்தீர்கள், நினைவிருக்கிறதா? நானும் கூடக் கொதித்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"மாவட்டமே கலைஞ்சு போச்சே மாப்ள. ஃபைலெல்லாம் பெரம்பலூருக்குப் போவுது. அதுல எங்க தேடுறது?"

அவர் தலையை ஆட்டினார். ஊரே பேசிய விஷயம், அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? "மாவட்டமே போயிருச்சுன்னா அவங்கதான் என்ன செய்வாங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். எந்த அலுவலகமும் எந்தத் தாளையும் தொலைக்கவில்லை. அந்தத் தாள் அவர் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் பீரோவில் இருந்தது.

ஆனியில் அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றிவிடச் சொன்னேன். மாற்றுச் சான்றிதழ் கேட்கும் கடிதத்தையும் நானே எழுதினேன். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பள்ளியின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. மாப்பிள்ளை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நடுவில் போன வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது ஊரில் எல்லாரும் சத்தம் வந்த பக்கம் திரும்புவார்கள், இவள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பாள் என்று தங்கை ஒருமுறை சொன்னாள். என் மகள் வெளியூரில் படிக்கப் போனாள். என் மனைவி இறந்தாள். நல்லது கெட்டதுகளில் தங்கை மகளைப் பார்ப்பேன். யார் பேசினாலும் அவர்களை வலது பக்கமாக வரவிட்டுக் கேட்பாள். "நல்லாருக்கீங்களா மாமா" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு நவம்பரில் அரியலூர் மறுபடி மாவட்டமானது. பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள், போகிற வருகிறவர் வாயில் எல்லாம் லட்டு. நீங்கள் ஆரவாரமாக இருந்தீர்கள். அந்த வாரமே ஒரு காலையில் மாப்பிள்ளை வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சுண்ணாம்போ என்று ஒரு கணம் நினைத்தேன். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மச்சான், மாவட்டம் திரும்பி வந்துருச்சே! அப்ப பெரம்பலூரு போன ஃபைலெல்லாம் இங்க வந்துருக்கும்ல? பாப்பா மனுவும் வந்துருக்கும்ல?"

கேலியாகக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதர் கிட்டத்தட்ட ஆறு வருடம் மாவட்டம் திரும்பி வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

நான் பீரோவைத் திறந்தேன். மனுவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், என் மகள் கை பிடித்ததையும், டிசி கடிதத்தில் சேர்த்த வரியையும்.

அவர் அந்தத் தாளை அதற்கு முன் படித்ததே இல்லை. விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "சில கல் நல்ல கல்லு" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு மேஜையிலிருந்த நத்தைக் கல்லை எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டார். மனுவை மேஜையிலேயே வைத்தார்.

"நீங்களே குடுங்க மச்சான். குடுத்தேன்னீங்கள்ல. குடுத்துருங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் வரிசையில் நின்றேன். வக்கீல் கோட்டு போடவில்லை. மனுவின் கீழே விட்டுப்போன ஐந்தாவது பெயரை என் கையால் எழுதியிருந்தேன், என் மகளின் பெயரை. காலதாமதத்துக்கு நானே காரணம் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்திருந்தேன். காயத்துக்கு வழக்குப் போடச் சட்டம் கொடுத்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவுக்கு நம்பர் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் கல்வி அதிகாரியிடமிருந்து விசாரணைக் கடிதம் வந்தது.

மாப்பிள்ளைக்கு ஷிப்ட். தங்கை நான் இருக்கிற இடத்துக்கு வர மாட்டேனென்றுவிட்டாள். அந்தப் பெண் மட்டும் வந்தாள், பெரம்பலூரில் காலேஜ் முதல் வருடம், தோளில் பை. அதிகாரி எதிரே நாற்காலியைக் காட்டினார். "சார், நான் இந்தப் பக்கமா உக்காந்துக்கறேன். இந்தக் காதுதான் கேக்கும்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அதிகாரி பொறுமையான மனிதர். பள்ளி அனுப்பிய பதிலைப் படித்துக் காட்டினார். அப்படி ஒரு சம்பவம் பதிவேட்டில் இல்லை என்று சொல்லி, ஆதாரமாக ஒரு நகலை இணைத்திருந்தார்கள். என் கையெழுத்தில் இருந்த கடிதம். எந்தக் குறையும் இல்லை.

"இது நான் எழுதினது சார். பொய்யா எழுதினது" என்றேன்.

"புரியுதுங்க. ஆனா அப்பா கையெழுத்து இருக்கே. இதுக்கு மேல நான் என்ன எழுதறது?" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தேன்.

அவள் அந்த நகலை வாங்கி முழுதும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "பரவால்லைங்க சார்" என்று எழுந்தாள்.

தங்கையைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், நானும் வருகிறேன் என்று அவளோடு பஸ் ஏறினேன். மத்தியான பஸ், பாதி காலி. இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் என் பேச்சு அவள் வலது காதில் விழுந்திருக்கும். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள், நானே பார்த்திருக்கிறேன். அன்று வலது பக்கத்து வரிசைக்குப் போய் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, பக்கத்து இடத்தை எனக்குக் காட்டினாள். அவளுக்கு இடது பக்கம்.

உட்கார்ந்தேன். எட்டு மைலும் சொன்னேன். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றதிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல். மன்னித்துவிடு என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்திருந்த சுரங்கத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவையும் திரும்பவில்லை.

"எறங்கணும் மாமா" என்றாள், ஊர் வந்ததும்.

வழிவிட எழுந்து நின்றேன். இறங்கிப் போனாள். கூட வாங்க என்று சொல்லவில்லை. நான் இறங்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அவள் விட்டுப்போன ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. கடைசி ஸ்டாப் வரை நின்றுகொண்டே போனேன்.